அம்மிணி மாமியின் மிளகு ரசம்

"கசப்பில்லாத வலி மாத்திரை இருக்கா?"

அம்மிணி மாமி கேட்டதுதான் தாமதம், மருந்துக்கடை சுனிதா ஆரம்பித்துவிட்டாள்.

"யாருக்கு மாமி?"

"நேக்குத்தான்."

"எங்க வலி?"

"முட்டியில."

பச்சைப் பொய்! மட்டாஞ்சேரி பஜார் முழுக்க விடுவிடுவென்று நடந்து வந்த மாமிக்கு முட்டியில் ஒரு கேடும் இல்லை. வலியெல்லாம் அவள் ஆத்துக்காரர் பிச்சுமணிக்கு. மாடிப்படி ஏறும்போது பல்லைக் கடிக்கிறார். மாத்திரை என்று வாயெடுத்தால் போச்சு.

"இங்கிலீஷ் மருந்து என் நாக்கில பட்டதே கிடையாதாக்கும்!" என்று ஊரைக் கூட்டி ஜம்பம் வேறு.

பாவம், மாமி என்னதான் செய்வாள்? பார்க்கப் பொறுக்காமல், மாத்திரையைப் பொடித்து அவர் குடிக்கிற மிளகு ரசத்தில் கலக்கிவிடுகிறாள். வீம்பு பிடித்த மனுஷனோடு குடித்தனம் நடத்தினால் திருட்டுத்தனமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"போன வாரம் வாங்கினது அதுக்குள்ள தீர்ந்துபோச்சா? வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" சுனிதா விடுவதாக இல்லை.

"எடி, பாரசிட்டமால்தானே கேட்டேன், கஞ்சாவா கேட்டேன்? டாக்டர் சீட்டில்லாமலே கொடுக்கற மாத்திரைதானே?"

"கொடுக்கலாம் மாமி. ஆனா உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்."

கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமிக்கு மானமே போய்விட்டது.

"ஊர்ல நோக்கு மட்டும்தான் கடை இருக்கா?" என்று குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சுனிதா ஓடிவந்து கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமி, மாமா சாப்பிடற எதிலயும் மாத்திரையைக் கலக்காதீங்க. அவர் தினமும் இதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கார். எங்கிட்டதான் வாங்கறார்."

"யாரு, எங்காத்து மாமாவா? மாத்திரையா?"

"ஆமா. 'வலின்னு தெரிஞ்சா அம்மிணி தூங்க மாட்டாள், அவகிட்ட மூச்சு விடாதே'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். சொல்லக்கூடாதுதான். ஆனா நீங்களும் கலந்தா அளவு மீறிப்போகும், ஈரல் கெட்டுப்போகும், உயிருக்கே ஆபத்து மாமி! இன்னிக்கே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நடந்ததை மறைக்காம சொல்லுங்க."

மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஈஸ்வரா! என் கையாலேயே அவருக்கு..." கண்ணில் பொலபொலவென்று நீர். முந்தானையால் துடைத்துக்கொண்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அது சரி, நான் கலக்கறது நோக்கெப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க கசப்பில்லாத மாத்திரை கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது மாமி. நேத்து மாமா வந்தப்போ, எல்லாரையும் கேக்கற மாதிரி, 'வேற ஏதாவது சாப்பிடறீங்களா, வாய் கசக்குதா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'வாய் கசக்கலை, அம்மிணி வைக்கற ரசம்தான் கசக்கறது. பாவம், வயசாச்சோன்னோ, கைப்பக்குவம் போயிடுத்து. சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாள்'னார். அதனாலதான் 'பேஷ், பேஷ்'னு சொல்லி, ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாராம்!"