மலைப்படியில் மூன்று பேர்

“அம்மா, இப்படி உக்காருங்க. அவசரமே இல்ல” என்றாள் வசுமதி. திருக்கழுக்குன்றம் மலையில் பாதிப் படி ஏறியதற்கே ஞானாம்பாளுக்கு மூச்சு வாங்கியது.

பரணிதரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். வசுமதி ஞானாம்பாளின் காலைப் பிடித்துவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. உச்சியிலேருந்து கடல் தெரியும், பாருங்க. நான் மெதுவா வரேன்” என்று ஞானாம்பாள் அவர்களை அனுப்பிவைத்தாள்.

படியோரம் மோர் விற்றவள் கேட்டாள். “உம் பொண்ணாம்மா? இன்னா பாசமா கீது!”

“பொண்ணு இல்ல, மருமக.”

“அப்ப அவரு உம் புள்ளையா?”

“இல்ல, மாப்பிள்ளை.”

“இன்னாம்மா, கொயப்புறியே!”

ஞானாம்பாள் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தாள். “என் பையன் கல்பாக்கத்துல வேலை பார்த்தான். கல்யாணமாகி ஆறே மாசத்துல விஷக் காய்ச்சல்ல போயிட்டான். இவ பிறந்த வீட்டுக்குப் போகாம மூணு வருஷமா என்னையே பார்த்துக்கிட்டா. போன வாரம் நான்தான் இவளுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சேன்.”

மோர்க்காரி காலி டம்ளரை வாங்கி, கேட்காமலே மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

அதற்குள் மேலே போன இருவரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

“உங்களை விட்டுட்டுக் கடலைப் பார்க்க மாட்டேங்கிறா, அத்தை” என்று பரணிதரன் சிரித்தான்.

இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து அவளை உச்சிவரை ஏற்றினார்கள். சங்கு தீர்த்தக் குளம், வயல்கள், கிழக்கே நீலக் கோடாகக் கடல். ஞானாம்பாள் சன்னதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“மூணு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன், வேதகிரீசா. இன்னிக்குக் கும்பிடத்தான் வந்தேன்.”