ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கி

துணியைப் பிரித்ததும் மேசையெல்லாம் துரு கொட்டியது.

"அப்பா இதுல ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, ஐயா. புதுசு மாதிரி" என்றார், இறந்துபோன அப்பாவின் துப்பாக்கியை விற்க வந்திருந்த மகன்.

புதுசுதான். கட்டையைப் பூச்சி அரித்திருந்தது. உடைந்த இடத்தில் கம்பி சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு; என் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரவர் வீட்டுத் துருவும் பொன்.

நாற்பது வருடமாகப் பழைய சாமான்களுக்கு விலை சொல்கிறேன். குறைத்திருக்கிறேனே தவிர, ஏற்றிச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெடிமருந்துக்குத் தீ போகிற சின்னத் துளையில் ஈயம். யாரோ வேண்டுமென்றே அடைத்து, மேலே அரம் போட்டு, கண்ணுக்குத் தெரியாமல் கரி பூசியிருந்தார்கள்.

யாரோ என்ன, நான்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். மகனுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி. நாற்காலியில் அம்மா. தலை முழுக்க வெளுத்துவிட்டது, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே துப்பாக்கியோடு வந்தவர். இது சுடக்கூடாது, சுடாது என்று பார்த்தால் தெரியவும் கூடாது என்று கேட்டார். நானும் ஏன் என்று கேட்காமல் அடைத்துக் கொடுத்தேன்.

அன்று இடுப்பில் இருந்த பிள்ளைதான் இன்று விலை பேசுகிறது.

"விலை கட்டுப்படியாகலைன்னா ரிப்பேர் பண்ணி என் வீட்டு ஹால்ல மாட்டிடுவேன். வீட்டுல ஒரு பயம் இருக்கணும்ல" என்று சிரித்தார் மகன்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. மாமியாரின் நாற்காலிக்குப் பின்னால் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அந்த அடைப்பை எடுப்பது பெரிய வித்தை இல்லை. அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கிறான், கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பான், என்னைப் போலவே.

விலையைச் சொன்னேன்.

நல்ல நிலையில் இருக்கிற துப்பாக்கிக்கே யாரும் தராத விலை. மகன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். என் வாயிலிருந்தா இது வருகிறது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

இளிச்சவாயன் ஒருத்தன் அகப்பட்டான் என்கிற முகத்தோடு பணத்தை வாங்கிக்கொண்டு, நான் மனம் மாறுவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். மருமகளும் கூடவே போனார்.

அம்மா மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் வீட்டுக்காரர் கடைசிவரை சுடவே இல்லையாமே, நான் அடைத்ததுகூட வீண் வேலைதான் போலிருக்கிறது என்றேன்.

"ஒரு தடவை சுட்டார்" என்றார் அந்த அம்மா. "இவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். என் நெஞ்சுக்கு நேரா வச்சுத்தான் இழுத்தார். வெடிக்கலை. அதுக்கப்புறம் என்மேல கைநீட்டினதே இல்லை. சாமிதான் தடுத்துதுன்னு சாகிற வரைக்கும் நம்பினார். நானும் ஒண்ணும் சொல்லலை."