வீப்கேயின் வெளிச்சம்

மணி பதினொன்றே முக்கால். கூட்டமாகக் கேன்டீனுக்குக் கிளம்பியவர்களிடம், "எனக்கு வலிக்குது, நீங்க போங்க" என்று மாரிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வலியாவது, மண்ணாவது! எல்லாம் வயிற்றெரிச்சல்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. உயிருள்ள செல்லுக்குள் ஒரே ஒரு புரத மூலக்கூறு தனியாக நகர்வதை முதலில் படம்பிடிப்பவருக்குத்தான் அது என்று பேராசிரியர் ப்ரோக்மன் சொல்லிவிட்டார். மாரிட்டின் செல்களோ ஒளிரும் சாயமே ஏறாமல் இருண்டு கிடந்தன. கூட வேலை பார்க்கும் வீப்கேயின் செல்கள் திரை முழுக்க ஜெகஜோதியாய் எரிந்தன.

அது போதாதென்று காலையில் வீப்கே புலம்பல் வேறு.

"எத்தனை வெளிச்சம் பாரேன்டி! ஒண்ணு மேல ஒண்ணு ஈஷிக்கிட்டு, எது எதுன்னே தெரியல."

"ஐயோ பாவம், ரொம்பக் கஷ்டம்தான்" என்றாள் மாரிட். பீத்திக்கிறதைப் பாரு, இதில் சலிப்பு வேறயா என்று உள்ளுக்குள் கருவினாள்.

எல்லோரும் போனதும் இருட்டறைக்குள் நுழைந்தாள். நுண்ணோக்கியின் கீழ் வீப்கேயின் செல்கள் இருந்தன. லேசரை முழு வலுவுக்குத் திருப்பினாள். அளவுக்கு மீறி ஒளி பட்டால் சாயம் அணைந்துவிடும், பிறகு எரியவே எரியாது.

திரை மங்க மங்க மாரிட்டின் மனசு குளிர்ந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்கவும், லேசரைப் பழையபடி வைத்துவிட்டு நழுவினாள்.

சாப்பாடு முடிந்து அரைமணிகூட ஆகவில்லை, இருட்டறையில் ஒரே கூச்சல். வீப்கே அழுவதைப் பார்க்கத்தான் மாரிட் ஓடினாள்.

திரை கறுப்பாகத்தான் இருந்தது. அதில் ஏழெட்டுப் புள்ளிகள் மட்டும் தனித்தனியே ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு மூலக்கூறு!" பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "கூட்டத்தை அணைச்சுட்டு ஏழெட்டை மட்டும் மிச்சம் வெச்சியே, கெட்டிக்காரி! வேலை உனக்குத்தாம்மா வீப்கே."

"வாழ்த்துகள்" என்று எப்படியோ முனகினாள் மாரிட்.

வீப்கே ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே காதில் கிசுகிசுத்தாள்:

"லேசரை எத்தனை நிமிஷம்டி எரியவிட்டே? கரெக்டா சொல்லு, கட்டுரையில எழுதணும்."