எதிர்வீட்டில் கரண்ட் போன காலை

“மூணாவது தடவைங்க இது!”

அவள் கத்தியது மாடிப்படி வரை கேட்டது.

“கரண்ட் போனா நான் என்னடி பண்ணுவேன்? ஈ.பி. ஆபீஸா நடத்துறேன்?” கணவர் அதற்கு மேல் கத்தினார்.

கதவைத் திறந்து வைத்துச் சண்டை போட்டால் எதிர்வீட்டுக் காது என்ன செய்யும்? சட்னிக் கிண்ணத்தோடு போய் நின்றேன்.

முன்னறை மேசையில் அவளுடைய ஆராய்ச்சி.

ஒரு எஃகுப் பட்டை. இரு பக்கமும் காந்தம். அடியில் உதறிக்கொண்டே இருக்கும் மோட்டார். பட்டை இந்தக் காந்தத்துக்கும் அந்தக் காந்தத்துக்குமாகத் தாவுகிற தாவலில் மின்சாரம் பிறந்து பேட்டரியில் சேருமாம். கல்லூரியில் மெக்கானிக்கல் நடத்துகிறவள். கேட்டால் சலிக்காமல் சொல்லுவாள்.

ஓட்டம் நடுவில் நின்றால் போச்சு. மறுபடி ஓட்டினாலும் அதே ஆட்டம் வராது.

கல்லூரியில் சாயங்காலமே ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள் என்று வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அதோடு சரி. தங்கை வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை.

இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றாள்.

பார்க்கலாம் என்றார் அவர்.

ஒரு மாதம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் புனேயில் வேலை.

இன்று முடிந்திருக்க வேண்டியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் நின்றிருக்கிறது.

இப்போது கரண்ட் வந்திருந்தது. மோட்டார் உறுமியது. பட்டை ஒரு காந்தத்தின் பக்கமே ஒண்டிக்கொண்டு நடுங்கியது. மறுபக்கம் போக முடியவில்லை.

சும்மாதான் கேட்டேன்.

“எங்க வீட்ல போகலியேம்மா? இப்பத்தானே மிக்ஸி ஓட்டினேன்.”

ஒரே மாடி. ஒரே கம்பம்.

சண்டை நின்றது.

அவள் கதவுக்கு மேலிருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தாள்.

பிறகு, அதற்கு நேர் கீழே கிடந்த ஸ்டூலை.

அவர் என் கிண்ணத்தைப் பார்த்தார்.

“என்ன சட்னி, அக்கா?”

புனே வேலை வேறு யாருக்கோ போனது. அவள் கோயம்புத்தூரில் தனி அறை எடுத்து, முதலிலிருந்து ஓட்டுகிறாளாம்.

விவாகரத்து முடிந்த கையோடு, ஐப்பசியில் அவருக்குக் கல்யாணம். நாங்களும் போய்ச் சாப்பிட்டோம்.

பெண் எம்.எஸ்ஸி.

மேலே படிக்க வைக்கிறேன் என்று மாப்பிள்ளையே வாக்குக் கொடுத்திருக்கிறாராம். பெண்ணின் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.