உரியவர் இல்லாத இதயம்

சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் உயிரியல் படித்த ஜெபசெல்விக்கு, நோயாளிகளுக்கு அவரவர் செல்களிலிருந்தே இதயம் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் உடனே வேலை கிடைத்தது. இதயத்தைப் பொருத்துவதற்குள் நோயாளி இறந்துவிட்டால், அவருக்காக வளர்ந்த இதயத்தை நிறுத்துவதும் அவள்தான். முதல் மாதத்தோடு அது பழகிவிட்டது.

அன்று ஓர் அம்மா வந்தார். முந்தின நாள் அவர் மகன் இறந்திருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அவனுக்கான இதயம் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

"வேற யாருக்காச்சும் வைக்கலாமாம்மா?"

"உங்க பையனுக்கு மட்டுந்தான் சேரும்."

அம்மா தலையாட்டினார். ஜெபசெல்வி விசையை அழுத்தினாள். துடிப்பு மெல்ல அடங்கும்வரை இருவரும் நின்றார்கள்.

"தினமும் இதைத்தான் செய்யிறியா?"

"ஆமாம்மா."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"இதயம் வளர்க்கிறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் ஜெபசெல்வி.