உலைக்கு வந்த சூடு

பீங்கான் வில்லைகளைச் சுடும் ஒரு கூடத்தில், பழைய மின்சார உலைக்குப் பக்கத்தில் வில்லை சுடும் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

உலை சுபாவத்திலேயே நிதானம். அது சுட்டால் முதலில் வில்லையின் மேல்பக்கம்தான் சூடாகும். அந்தச் சூடு நடுவரைக்கும் போய்ச் சேர வெகுநேரம் பிடிக்கும். மைக்ரோவேவோ எடுத்த எடுப்பிலேயே நடுவில் சூட்டைக் கிளப்பிவிடும்.

"தம்பி, வில்லைக்கு உள்ளே எப்படியிருக்கும்?" என்று உலை ஒருநாள் கேட்டது. "இத்தனை வருஷமாகச் சுடுகிறேன். மேல்தோலைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது."

"நின்று பார்த்தால்தானே அண்ணே தெரியும்? எனக்கு வேலை முடிந்தால் சரி."

மறுநாள் மைக்ரோவேவில் வெந்த வில்லை ஒன்றை, சட்டென்று ஆறினால் விரிசல் விடும் என்று, சுவிட்ச் போடாத உலைக்குள் வைத்து மூடினார்கள்.

உலையின் குளிர்ந்த சுவரில் இதமாக ஒரு சூடு வந்து பட்டது. வில்லையின் உள்ளேயிருந்து வந்த சூடு.

"இது உன்னுடையதா?" என்றது உலை, ஆசையாக.

"மைக்ரோவேவ் கொடுத்தது" என்றது வில்லை.

உலை அந்தச் சூட்டைச் சுவரெங்கும் வாங்கிக்கொண்டது.

"பரவாயில்லை" என்றது பிறகு. "அவசரமில்லை, மெதுவாகவே ஆறு."