ஷீலா அக்காவின் கடிதம்

ஷாயிஸ்தாவின் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு கிழித்திருந்தார்கள்.

“ஏதோ தப்பா இருக்கும் மேடம். எண்ணூறு மீட்டர் ஃபைனல். நேத்து ஹீட்ஸ்ல நான் ஃபர்ஸ்ட்” என்றாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். “மெடிக்கல் ஆபீசர் அன்ஃபிட் போட்டுட்டாரும்மா. உங்க காலேஜ் பிசியோவே எழுதிக் குடுத்திருக்காங்க. கால் எலும்புல விரிசலாம். கோடு போட்டா போட்டதுதான்.”

கடிதத்தின் அடியில் ஷீலா அக்காவின் கையெழுத்து.

பின்னால் நின்ற வேறு கல்லூரிப் பெண் ஒருத்தி, “தாம்பரம் லோக்கல் இன்னிக்கு கேன்சலாம்டி” என்றாள். “ஷெட்டுக்கு அனுப்பிட்டாங்களா? பாவம்டி” என்றாள் கூட இருந்தவள். தாம்பரம் பக்கத்திலிருந்து வரும் ஷாயிஸ்தாவுக்கு மற்ற கல்லூரிப் பெண்கள் வைத்த பட்டப்பெயர்தான் தாம்பரம் லோக்கல்.

ஷாயிஸ்தாவுக்கு இது மூன்றாம் வருடம். பல்கலைக்கழக அணிக்காக ஒருமுறையாவது ஓடியிருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப்போட முடியும். இந்த ஃபைனலில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அந்த அணியில் இடம். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

ஷீலா கல்லூரிக்கு வருவது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். போன செவ்வாய்க்கிழமை, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் அறைக்குப் போயிருந்தாள் ஷாயிஸ்தா. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது, ஸ்பிரே மட்டும் அடித்துவிடுங்கள் என்று கேட்டாள்.

ஷீலா எலும்பை விரலால் அழுத்தினாள். ஷாயிஸ்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நீ இன்னும் ஓடிக்கிட்டா இருக்க?” என்றாள் ஷீலா.

“ஃபைனல் வரைக்கும்தான்கா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என் கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

ஷீலா அவள் கையில் அடித்தாள். அந்தக் கைதான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு ஜீவரத்தினம் சார் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். மூன்று வருடமாக அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர். மாடம்பாக்கத்தில் வீடு தேடி வந்து, “உங்க பொண்ணை என் பொண்ணா பாத்துக்கறேன் பாய்” என்று வாப்பாவிடம் கேட்டு, அவளைக் கல்லூரியில் சேர்த்தவர். காலை ஐந்து மணிக்கு அவளுக்கு முன்னால் மைதானத்தில் நிற்பவர்.

“நாலு மாசத்துல மூணு கப் எடுத்த பொண்ணு மேடம் இவ. எலும்புல விரிசல் இருக்கறவ இப்படி ஓடுவாளா, நீங்களே சொல்லுங்க” என்று மேஜையைத் தட்டினார்.

“என்னைக் கேட்டா? டாக்டரைக் கேளுங்க சார்.”

மெடிக்கல் ஆபீசரிடம் போனார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

“வாரத்துல ஒரு நாள் எட்டிப் பாக்கறவங்களுக்கு நம்ம கஷ்டம் எங்கேம்மா தெரியும்? நீ உக்காரு. அழாதே” என்றார். அவர் குரல் கம்மியதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உட்கார முடியவில்லை. முதலுதவிக் கூடாரத்துக்கு நேராகப் போனாள். ஷீலா ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருங்கக்கா. ரொம்ப நல்லா இருங்க.”

“முதல்ல உக்காரும்மா. காலைக் காட்டு.”

“எதுக்கு? இன்னொரு லெட்டர் எழுதவா? சத்தியம் பண்ணீங்கல்ல?”

“பண்ணேன். அன்னிக்கு நைட்டு பூரா தூங்கல. அதே காலோட நீ ஃபைனல் ஓடினா அந்த எலும்பு ரெண்டா உடைஞ்சிடும் ஷாயிஸ்தா. அப்புறம் நடக்கறதே பேஜார். நீ என்னைத் திட்டிக்கோ, பரவாயில்லை.”

“விரிசல் விரிசல்னா எங்கேர்ந்து வந்துச்சு? ஆகஸ்ட் கேம்ப்ல நீங்கதானே எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க வெச்சீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா ஓடுன்னு சார் சொன்னாரே.”

ஐஸ் சுற்றிய துணியிலிருந்து தண்ணீர் ஷீலாவின் மடியில் சொட்டியது.

“நம்ம காலேஜ்ல ஒரு வழக்கம் இருக்குல்ல? பிசியோ எதுவா இருந்தாலும் கோச்கிட்டதான் சொல்லணும், அவர்தான் எங்ககிட்ட சொல்வாரு. உங்களுக்குத் தெரியாதா?” ஷாயிஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவரைத் தாண்டி நேரா டாக்டருக்கு எழுதிட்டீங்க. அவர்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தா, எனக்கு ரெஸ்ட் குடுத்து, இன்னிக்கு எப்படியாவது ரெடி பண்ணியிருப்பாரு. பெத்த பொண்ணு மாதிரிக்கா அவருக்கு நானு.”

ஷீலா நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தாள். அங்கே ஜீவரத்தினம் சார், ரிலேயில் ஷாயிஸ்தாவுக்குப் பதிலாக ஓட வேண்டிய பெண்ணின் முதுகில் நம்பர் குத்திக்கொண்டிருந்தார்.

“அவர்கிட்ட சொன்னேம்மா.”

“எப்போ? இன்னிக்குக் காலைலயா?”

“ஆகஸ்ட்ல. எக்ஸ்ரே பாத்த அன்னிக்கே.”